வெள்ளை ரஸ்தாவும் துடைப்பக் கட்டையும்

"இந்த வயசில் சைக்கிள் ஒரு கேடா?" என்று நீங்கள் கேட்கப் போகிறீர்கள். சிரமப்பட வேண்டாம். என் கணவர் கேட்டாகிவிட்டது. என் அக்கா கேட்டாகிவிட்டது. மாடி வீட்டு மாமி இரண்டு தடவை கேட்டாகிவிட்டது.

கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் நான் சைக்கிளில் பறந்தவள். எனக்குப் பதினாலு வயசு ஆனதும் பாட்டி ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்தபடியே, "போதும்" என்றாள். ஒரே ஒரு வார்த்தைதான். சைக்கிள் தம்பிக்குப் போயிற்று. அப்புறம் நாற்பத்தைந்து வருஷம் நான் சைக்கிளைத் தொட்டதெல்லாம், வாசலில் குறுக்கே நிற்கிறதென்று நகர்த்தி வைப்பதற்காகத்தான்.

2023-ஆம் வருஷம் மே மாதம், இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பெண்ணும் மாப்பிள்ளையும் சைக்கிள் பைத்தியங்கள். அவர்களோடு நானும் நாலு நாள் ஆர்னோ நதிக்கரைப் பூங்காவில் ஓட்டிப் பார்த்தேன். கால் மறக்கவே இல்லை! ஐந்தாம் நாள் ராத்திரி மாப்பிள்ளை சாப்பாட்டு மேஜைமேல் ஒரு படத்தை விரித்தார்.

ஃபிளாரன்ஸுக்கும் சியேனாவுக்கும் நடுவே இருப்பது கியாந்திப் பிரதேசம். எங்கே பார்த்தாலும் குன்றுகள். ஏறினால் இறங்க வேண்டும், இறங்கினால் ஏற வேண்டும். சரிவெல்லாம் திராட்சைத் தோட்டமும் ஆலிவ் மரமும். இவற்றினூடே தார் போடாத சரளைக்கல் ரஸ்தாக்கள், கோலப் பொடியை இழுத்துவிட்டாற்போல் வெள்ளை வெளேரென்று வளைந்து போகின்றன. 'ஸ்த்ராதே பியாங்கே', அதாவது வெள்ளை ரஸ்தாக்கள் என்றே அவற்றுக்குப் பெயர்.

எல்லா ஊரிலும் நடப்பதுபோல் அங்கேயும் தார் வந்து அவற்றை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. அதைத் தடுக்க ஜான்கார்லோ ப்ரோச்சி என்பவர் 1997-இல் ஒரு காரியம் செய்தார். கூட்டம் போட்டுப் பேசவில்லை; மனு எழுதி நீட்டவில்லை. பழைய காலத்துச் சைக்கிள்களில், பழைய காலத்துக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு அந்த ரஸ்தாக்களில் ஒரு நாள் சவாரி போகலாம், வாருங்கள் என்று அழைத்தார். 92 பேர் வந்தார்கள். 'லெரோயிகா' என்ற அந்தத் திருவிழாவுக்கு இன்று ஒவ்வோர் அக்டோபரிலும் ஆயிரக் கணக்கில் வருகிறார்கள். 1987-க்கு முன் செய்த சைக்கிள்தான் கொண்டுவர வேண்டுமென்பது சட்டம். ஜனங்கள் தேடி வருகிற ரஸ்தா என்றால் அதன்மேல் தார் ஊற்ற யாருக்கு மனசு வரும்?

திருவிழா இல்லாத நாளிலும், எந்தச் சைக்கிளிலும் போகலாம். காயோலே என்ற சிற்றூரில் தொடங்கிச் சுற்றிக்கொண்டு அங்கேயே வந்து சேரும் 209 கிலோமீட்டர் பாதைக்கு, வழி நெடுகப் பலகை நட்டிருக்கிறார்கள். அத்தனையும் ஒருவரே ஓட்ட வேண்டுமென்று கட்டாயமில்லை. திருவிழாவில் சமீப வருஷங்களாக 46, 81, 106, 135, 209 கிலோமீட்டர் என்று ஐந்து அளவு வைத்திருக்கிறார்கள். புதிதாய்ப் பழகுகிறவர்களுக்கு 46. வாரா வாரம் ஓட்டுகிறவர்களுக்கு 81. அதற்குமேல் போனால், சியேனாவுக்குத் தெற்கே 'க்ரேதே செனேஸி' என்ற களிமண் குன்றுகள் வந்துவிடும். நிழலே கிடையாது, மழை பெய்தால் மண் சக்கரத்தை அப்பிக்கொள்ளும். 209 என்பது, விடியுமுன் விளக்கு வைத்துக்கொண்டு கிளம்பி, பலர் இருட்டிய பிறகு வந்து சேருகிற சமாசாரம். எல்லாருக்கும் புறப்படுகிற ஊர் ஒன்று. திரும்பி வருகிற ஊரும் ஒன்று.

என் பெண் படத்தின்மேல் விரல் வைத்தாள். "அம்மா, உனக்குக் காயோலேயிலிருந்து ப்ரோலியோ கோட்டை வரைக்கும். சுமார் பத்துக் கிலோமீட்டர். அங்கிருந்து திரும்பிவிடலாம்."

எனக்குச் சுருக்கென்றது. ஐந்து அளவுக்குள்ளும் சேராத ஓர் அளவா எனக்கு? கும்பகோணத்தில் பறந்தவளாக்கும் நான்!

அந்த ரோஷத்தில்தான் மறுநாள் தப்புச் செய்தேன். வாடகைச் சைக்கிளின் டயர் தடிமனாக இருந்தது. அமுக்கினால் கொஞ்சம் அமுங்கியது. "காற்று குறைச்சலாகவே இருக்கட்டும், அத்தை" என்றார் மாப்பிள்ளை. எங்கள் ஊரில் டயர் கல்மாதிரி இருந்தால்தான் சைக்கிள்! அவர் அந்தப் பக்கம் போனதும் பம்ப் எடுத்து நாலு அடி அடித்துவிட்டேன்.

தார் ரோடு இருந்தவரையில் ஜோர். ப்ரோலியோ ஏற்றத்தில் வெள்ளை ரஸ்தா ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் சைப்ரஸ் மரங்கள், கல்யாண ஊர்வலத்துக்கு நிற்கிறவர்கள்போல் நெட்டையாக வரிசை கட்டி நின்றன. அவற்றைப் பார்க்க எங்கே அவகாசம்? என் சைக்கிள் கல்லுக்குக் கல் வறுகடலை மாதிரி துள்ளியது. எழுந்து நின்று மிதித்தேன். பின் சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றியது. அடுத்த நிமிஷம் நான் ஓரத்துப் புல்லில் உட்கார்ந்திருந்தேன். அடி ஒன்றுமில்லை, முழங்கையில் சிராய்ப்பு, முகமெல்லாம் வெள்ளைப் புழுதி.

பெண் ஓடி வந்தாள். "போதும், அம்மா. இப்படியே திரும்பிவிடலாம்" என்றாள்.

அதே வார்த்தை! அன்பாகத்தான் சொன்னாள். பாட்டியும் அன்பாகத்தான் சொல்லியிருப்பாள்.

"முடியாது" என்றேன்.

மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. குனிந்து டயர்க் காற்றைக் கொஞ்சம் இறக்கினார். பம்ப் விஷயம் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. மாப்பிள்ளை என்றால் அப்படியல்லவா இருக்க வேண்டும்! பிறகு சொல்லிக் கொடுத்தார். சரளைக்கல் ஏற்றத்தில் எழுந்து நிற்கக் கூடாது. உட்கார்ந்தபடியே, லேசான கியரில், அம்மியில் அரைக்கிற மாதிரி ஒரே சீராக மிதிக்க வேண்டும். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல் முழங்கையைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். இறக்கத்தில் உடம்பைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, இரண்டு பிரேக்கையும் மெல்ல மெல்லப் பிடிக்க வேண்டும். முன் பிரேக்கை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் தரையில்தான் விழ வேண்டும்.

மூச்சு வாங்கிய இடத்தில் இறங்கித் தள்ளினேன். மூச்சு வந்ததும் ஏறி மிதித்தேன். கோட்டை வாசலில் இறங்கித் திரும்பிப் பார்த்தால், தூரத்தில் சியேனா வரைக்கும் பச்சையும் சாம்பலுமாகக் குன்றுகள் அலையலையாகக் கிடந்தன.

"போதும்" என்றேன். அந்த வார்த்தையை என் சைக்கிளைப் பற்றி நானே சொன்னது அதுதான் முதல் தடவை.

காயோலேக்குத் திரும்பியதும் 'ரிபொலீத்தா' என்று ஒரு சூப் சாப்பிட்டோம். கறுப்பு முட்டைக்கோஸ், வெள்ளைப் பயறு, காய்ந்த ரொட்டி எல்லாம் போட்டு, நேற்று வைத்ததை இன்று மறுபடி கொதிக்க வைப்பது. பெயருக்கு அர்த்தமே 'மறுபடி கொதித்தது' என்பதுதானாம். அசல் நம் வீட்டுச் சுண்டக் குழம்பு! நாம் விருந்தாளிக்குத் தெரியாமல் ஒளித்து வைப்பதை, அங்கே விலை போட்டு விற்கிறார்கள்.

சாப்பிடும்போது என் பெண் ஒரு கதை சொன்னாள். அல்ஃபோன்ஸீனா ஸ்த்ராதா என்று ஒரு பெண்மணி. 'ஸ்த்ராதா' என்றாலே ரஸ்தா என்றுதான் அர்த்தம். 1924-இல், இத்தாலியைச் சுற்றிவரும் ஆண்களின் பெரிய சைக்கிள் பந்தயத்தில் அவர் கலந்துகொண்டார். அதற்கு முன்னும் பின்னும் அதில் ஓட்டிய பெண் வேறு யாரும் இல்லை. அந்தக் காலத்து ரஸ்தாக்கள் பெரும்பாலும் புழுதியும் கல்லும்தான். ஒரு நாள் மழையிலும் காற்றிலும் விழுந்து கைப்பிடி முறிந்துபோயிற்று. ஒரு துடைப்பக் கட்டையை வாங்கி முறிந்த இடத்தில் வைத்துக் கட்டிக்கொண்டு ஓட்டினார். நேரம் தப்பி வந்ததால் போட்டிக் கணக்கிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் விடாமல் மிலான் நகரம் வரைக்கும் ஓட்டி முடித்தார். கிளம்பிய 90 பேரில் கணக்குப்படி முடித்தவர்கள் 30 பேர்தான்!

சகோதரிகளே, நீங்கள் இத்தாலிக்குப் போக வேண்டாம். சைக்கிள்கூட வேண்டாம். விட்டுப்போன காரியம் ஒன்று உங்களுக்கும் இருக்கும். வீணையோ, ஹிந்திப் பரீட்சையோ, நீச்சலோ. 209-ஐப் பார்த்துப் பயந்து வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். உங்கள் பத்துக் கிலோமீட்டர் எது என்று பாருங்கள். நடுவில் இறங்கித் தள்ளினால் பாதகமில்லை.

ஊர் திரும்பியதும் என் கணவரிடம் துடைப்பக் கட்டைக் கதையைச் சொன்னேன். சாவதானமாகக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"அந்த ஊரிலும் பெண்கள் கையில் அதுதானா!" என்றார்.