உட்கார ஓர் இடம்

உத்திரமேரூரிலிருந்து பஸ் பிடித்து, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போயிருந்தேன். 2010-ல் திறந்தது, 9 தளங்கள். பார்வையற்றோருக்குப் பிரெய்ல் பிரிவு, குட்டீஸுக்குத் தனிப் பகுதி எல்லாம் உண்டு. எனக்கு ரொம்பப் பிடித்தது, சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதி. ஒற்றை அறை வீட்டில், டிவி சத்தத்துக்கு நடுவே டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிப்பவருக்கு, புத்தகத்தைவிட அந்த நாற்காலிதான் பெரிய உதவி!

ஆனால், அதற்காகத் தினமும் சென்னை போக முடியுமா? 1931-லேயே மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் புத்தகம் போனது. இன்று நம் கிராமத்து நூலகங்களுக்கு வரவேண்டியது நாலு நல்ல நாற்காலி, ஒரு மின்விசிறி, இரவு 8 மணி வரை வெளிச்சம்.

உங்கள் ஊர் நூலகத்தில் ஒரு மணி நேரம் உட்கார முடிகிறதா? இந்த வாரம் போய்ப் பாருங்களேன்.