வற்றினாலும் குட்டைதான்

கலிபோர்னியாவில் ஒரு தேரை உண்டு. பின்னங்காலில் மண்வெட்டி போன்ற கறுத்த தகடு இருப்பதால் மண்வெட்டிக்கால் தேரை என்று சொல்லலாம். அத்தகட்டால் தோண்டிப் பின்புறமாகவே மண்ணுக்குள் இறங்கி, ஆண்டின் பெரும்பகுதியை அங்கேயே கழிக்கும். மழை பெய்ததும் (அங்கே குளிர்காலத்தில்தான் மழை) வெளிவந்து, நீர் தேங்கிய குட்டைகளில் முட்டையிடும். கோடையில் குட்டை வற்றிவிடும். வற்றுவதால் அங்கே மீன் வாழாது. மீன் இல்லாததால் தலைப்பிரட்டை பிழைக்கும். வற்றுவதே அதற்குக் காவல்!

அந்தக் காவலையே மனிதர் குற்றமாக்கிவிட்டனர் என்பேன். வீடு கட்ட வருவோர் கோடையில் பார்த்தால் வெறுந்தரை. தென்கலிபோர்னியாவில் இதன் வாழிடத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் போய்விட்டதென 1994-இலேயே கணக்கிட்டனர்.

2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆறு ஏரி போன்ற நிலையான நீர்நிலைகளோடு இடையறாத மேற்பரப்புத் தொடர்புள்ள ஈரநிலங்களையே மத்திய அரசின் நீர்த் தூய்மைச் சட்டம் காக்கும் என்றது. தனித்துக் கிடக்கும் குட்டைக்கு அதில் இடமேது? அதே ஆண்டு டிசம்பரில் மத்திய வனவிலங்குத் துறை, இத்தேரையை அழிவு அச்சுறுத்தலுக்குள்ளான இனமாகப் பட்டியலிட முன்மொழிந்தது. அதற்கான மனு 2012-இல் தரப்பட்டது. பதினோரு ஆண்டுகள்! தலைப்பிரட்டைக்கு வாய்ப்பதோ சில வாரங்கள். தேரைக்கு ஒரு சட்டம் கைநீட்ட, குட்டைக்கு இன்னொன்று கைவிரிக்கிறது.

நிலத்தை அளப்பவர்கள் மழைக்காலத்தில் வந்து அளக்கட்டும். கரையோடு நின்றுவிடாமல், சுற்றியுள்ள மேட்டு நிலத்தையும் சேர்த்து அளக்கட்டும். தேரை உறங்குவது அங்கேதானே?