பீரில் எத்தனை மசாலா?

டிஸ்கி: குடி குடியைக் கெடுக்கும். குடிக்காதவர்கள் இதை ரசப்பொடி பற்றிய பதிவாக நினைத்துப் படிக்கலாம். விஷயம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

போன சனிக்கிழமை இங்கே குருகிராமில் ஒரு ப்ரூபப். கரும்பலகையில் "மசாலா பிளாண்ட் ஏல்" என்று பார்த்ததும் ஆசையாக வாங்கினேன். முதல் வாயில் ஏலக்காய், இரண்டாவது வாயில் பட்டை, மூன்றாவது வாயில் கிராம்பு. கடைசி வரை பீர் மட்டும் வரவே இல்லை.

கோபப்பட எனக்குத் தகுதி கிடையாது. இதே தப்பை 19 லிட்டர் அளவுக்குச் செய்தவன் நான்.

2011-ல் ஆன்சைட் என்று ஆரெகனுக்கு அனுப்பினார்கள். அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவது சட்டப்படி சரி. 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டப்படி, பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கும் வீட்டில் வருஷத்துக்கு 200 கேலன் வரை சொந்த உபயோகத்துக்கு வரியில்லாமல் காய்ச்சிக்கொள்ளலாம். நானும் ரூம்மேட்டும் ஒரு பெரிய பானை, ஒரு பிளாஸ்டிக் வாளியோடு இறங்கினோம்.

நாங்கள் எடுத்துக்கொண்டது பிளாண்ட் ஏல். பொன்னிறம், லேசான மால்ட் இனிப்பு, கம்மியான கசப்பு. "முதலில் மசாலா இல்லாமல் ஒரு தடவை காய்ச்சுங்கள்" என்று மால்ட் விற்ற கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். கேட்டோமா? தீபாவளி சமயம் வேறு. ஊர் ஞாபகம் பொங்கி வழிய ஏலக்காய், பட்டை, கிராம்பு, மிளகு, சுக்கு என்று எதையும் எடை போடாமல் கொட்டினேன். ஒரு மாசம் கழித்து முதல் பாட்டிலைத் திறந்து குடித்த ரூம்மேட் சொன்னது: "மாப்ள, எங்க ஆத்தா குடுக்கற கஷாயம்டா இது. என்ன, சில்லுனு இருக்கு." பாதிக்கு மேல் சிங்க்கில் போனது.

அப்போது புரிந்ததுதான் இன்றைக்கும் என் கட்சி. பிளாண்ட் ஏலில் ஒரே ஒரு மசாலாதான் போட வேண்டும். அதுவும் இருக்கிறதா இல்லையா என்று குடிப்பவர் ஒரு நொடி யோசிக்கும் அளவுக்குத்தான். கருப்பு ஸ்டௌட்டில் வறுத்த மால்ட் வாசனை தடுமனாக இருப்பதால் பட்டை கொஞ்சம் கூடினாலும் தாங்கும். பிளாண்டில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. கிராம்பு ஒரு துளி அதிகமானால் பல் டாக்டர் கிளினிக் வாசனைதான்.

எந்த மசாலா? என் ஓட்டு கொத்தமல்லி விதைக்கு. அதில் வாசனை தருகிற லினலூல் என்ற பொருள் ஹாப்ஸ் பூவிலும் இருக்கிறது. அதனால் இரண்டும் முட்டிக்கொள்ளாமல் சேர்ந்து போகும். பெல்ஜியத்தின் விட் பீரில் கொத்தமல்லியும் ஆரஞ்சுத் தோலும் போடுவது பழைய வழக்கம்.

நாலாவது தடவை சரியாக வந்த கணக்கு இது, 19 லிட்டருக்கு:

டூ-ரோ பேல் மால்ட் 4 கிலோ, வியன்னா மால்ட் 300 கிராம். 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறல். பிறகு வடிகட்டி ஒரு மணி நேரம் கொதி. கொதி ஆரம்பத்தில் கேஸ்கேட் ஹாப்ஸ் 25 கிராம். கடைசி ஐந்து நிமிடத்தில், ஒன்றிரண்டாக இடித்த கொத்தமல்லி 15 கிராம். ஆறவைத்து யு.எஸ்.-05 ஈஸ்ட், 18 டிகிரியில் இரண்டு வாரம். ஆல்கஹால் 5 சதவீதம் சுமாருக்கு வரும்.

வேறு மசாலா போட்டே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு வழி. அதை ஓட்காவில் நாலைந்து நாள் ஊறப் போடுங்கள். காய்ச்சி முடித்த பீரில் 100 மில்லி எடுத்து, சொட்டுச் சொட்டாக விட்டு ருசி பாருங்கள். பிடித்த அளவை மொத்தத்துக்குப் பெருக்கி, அதில் கொஞ்சம் குறைத்து ஊற்றுங்கள். போட்டதைத் திருப்பி எடுக்க முடியாது, சேர்க்க எப்போதும் முடியும்.

"நம்ம ஊர் பீர்னா மசாலா தூக்கலா இருக்க வேண்டாமா?" என்று கேட்பார்கள். நம்ம ஊரில் யார் அப்படிச் சமைக்கிறார்கள்? அம்மா வைக்கும் ரசத்தில் பட்டை கிடையாது, பாயசத்தில் மிளகு கிடையாது. எதில் எது போடக் கூடாது என்று தெரிந்த கைக்குத்தான் நாம் கைப்பக்குவம் என்று பெயர் வைத்திருக்கிறோம். எல்லாவற்றையும் கொட்டினால் இந்தியத்தன்மை வந்துவிடும் என்பது ஊரை விட்டு வந்தவனின் பதற்றம். எனக்கு இருந்தது, அதனால் சொல்கிறேன்.

இங்கே ஹரியானாவில் கலால் உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சினால் குற்றம். அதனால் என் கணக்கு நோட்டோடு நிற்கிறது. உரிமம் வைத்திருக்கும் புண்ணியவான் யாராவது இதைப் படித்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். காசு வேண்டாம், ஒரு கிளாஸ் போதும்.

ஆனால் கொத்தமல்லி 15 கிராம்தான். கூடப் போட்டீர்கள் என்றால் என் பெயரைச் சொல்லாதீர்கள் :-)