நாஸிம் கத்ரியும் நம் தராசும்



2022 ஜூன் 26ஆம் நாள், அமெரிக்காவின் கொலராடோ அவலாஞ்ச் அணி ஐஸ் ஹாக்கியின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பையை வென்றது. அவ்வணியின் நடு ஆட்டக்காரர் நாஸிம் கத்ரி, அக்கோப்பையை வென்ற முதல் முஸ்லிம் ஆனார். அல்ஹம்துலில்லாஹ். அந்த விளையாட்டின் விதிகளை அறியாத நம் வீடுகளிலும் இச்செய்தி மகிழ்வோடு பகிரப்பட்டது. கனடாவில் வளரும் நம் உறவுகளின் பிள்ளைகளுக்கோ அவர் நெடுநாளாகவே அறிமுகமான பெயர்.

அதையடுத்து வேறொரு கேள்வி எழுந்தது. ஜூலை மாதத்தில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. ஆகஸ்ட் 2022 பிறந்தும் அவர் எந்த அணியோடும் கையொப்பமிட்டிருக்கவில்லை. அப்போது 31 வயதான அவரைக் கொலராடோ மீண்டும் எடுக்க வேண்டுமா? "இதிலென்ன ஐயம், நம் சகோதரர் அல்லவா!" என்பதே நம் இளைஞர்கள் பலரின் விடை. எடுக்காவிட்டால் அது இனவெறுப்பு என்று முடிவுகட்டவும் சிலர் ஆயத்தமாக இருந்தனர். நாம் அவ்வாறு கருதவில்லை. உறவினர் என்பதற்காகச் சாட்சியம் வளையக் கூடாது என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். விளையாட்டுச் செய்தியில் மட்டும் அதை மறப்பதற்கு இடமில்லை.

கணக்கை உள்ளபடி பார்ப்போம். 2021-22 பருவத்தில் 71 ஆட்டங்களில் 28 கோல்கள் அடித்து, 59 கோல்களுக்குத் துணைநின்று, 87 புள்ளிகள் பெற்றார் கத்ரி. அதற்கு முந்தைய பருவத்தில் 56 ஆட்டங்களில் அவர் பெற்றவை 32 புள்ளிகளே. வாழ்நாளில் அதுவரை ஒரு பருவத்தில் அவர் எட்டிய உச்சம் 61. ஆக, அந்த 87 ஒரே ஓர் ஆண்டின் விளைச்சல். அடுத்த ஆண்டும் அதே மகசூல் வரும் என்று நம்பிப் பத்திரம் எழுதும் உழவர் எவரும் இலர்.

அவருடைய சினமும் கணக்கில் சேர வேண்டியதே. டொராண்டோ அணியில் இருந்தபோது 2018, 2019 ஆகிய இரு ஆண்டுகளிலும் கோப்பைச் சுற்றின் தொடக்கத்திலேயே முரட்டு ஆட்டத்துக்காகத் தடை பெற்றார். இரு முறையும் அவ்வணி பாஸ்டனிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றது. கொலராடோவுக்கு வந்த பின் 2021இல், செயின்ட் லூயிஸ் அணி வீரரின் தலையில் மோதியதற்காக எட்டு ஆட்டங்கள் தடை. அவ்வாண்டு அணி வெளியேறியபோது அவர் களத்திலேயே இல்லை. இவற்றை எவரும் அவர்மீது புனைந்துரைக்கவில்லை.

மறுபக்கத்தையும் எழுதியாக வேண்டும். 2022இல் அதே செயின்ட் லூயிஸில், எதிரணிக் கோல்காப்பாளர் காயமுற்ற ஒரு மோதலுக்குப் பின், கத்ரியின் இனத்தையும் மார்க்கத்தையும் இழித்து மிரட்டல்கள் குவிந்தன. காவல்துறை பாதுகாப்புத் தர நேர்ந்தது. அடுத்த ஆட்டத்தில் அவர் எவர்மீதும் கை ஓங்கவில்லை. மூன்று கோல்கள் அடித்தார். பின்னர் கட்டைவிரல் முறிந்து அறுவைச் சிகிச்சை நடந்தது. மூன்று வாரங்களுக்குள் திரும்பி, டாம்பா பே அணிக்கு எதிரான இறுதித் தொடரின் நான்காம் ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலை அடித்தார். முன்னர் பொறுமை இழந்து தன் அணியைத் தவிக்கவிட்ட அதே மனிதர்! எங்களை நெகிழச் செய்தது கோப்பையைவிட இந்த மாற்றமே.

ஆனால் நெகிழ்ச்சிக்கு விலை குறிப்பது எப்படி? இந்த லீகில் ஓர் அணி தன் வீரர்கள் அனைவருக்கும் சேர்த்துச் செலவிடத்தக்க ஊதியத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2022-23 பருவத்தில் அது 8 கோடியே 25 லட்சம் டாலராக இருந்தது. கத்ரியின் பழைய கணக்கு ஆண்டுக்கு 45 லட்சம். அடுத்து அது கணிசமாக உயரவிருந்தது. இதற்கிடையே நிச்சுஷ்கினுக்கு எட்டு ஆண்டு ஒப்பந்தம் அளித்தாயிற்று. அணியின் முதல் வீரர் மெக்கின்னனின் அப்போதைய ஒப்பந்தமும் 2023இல் முடியவிருந்தது. கத்ரிக்கு ஏழு ஆண்டுகள் எழுதிக் கொடுத்தால், 38 வயதை நெருங்கும்போதும் அதே ஊதியம் அந்த வரம்புக்குள் இடம் பிடித்திருக்கும். கால்கள் தளர்ந்தாலும் அந்த எண் தளராது.

எனவே எம் கருத்து இது: கொலராடோ அவரை மூன்று அல்லது நான்கு ஆண்டுகளுக்கு, நல்ல ஊதியத்தில், தயங்காமல் எடுக்க வேண்டும். இரண்டாம் வரிசையின் நடுவில் அவரைப் போன்ற ஒருவரை வேறெங்கும் எளிதில் பெற இயலாது. அதற்குமேல் ஆண்டுகளைக் கேட்டால், மரியாதையோடு விடைகொடுக்கட்டும். வேறோர் அணி ஏழு ஆண்டுகள் தந்தால் அவர் செல்வதே முறை. மனைவியும் சிறு மகளும் உடைய உழைப்பாளி அவர். ரிஸ்கைத் தேடிச் செல்பவரை நன்றி மறந்தவர் என்று எவரும் ஏசலாகாது. செயின்ட் லூயிஸில் பட்ட அவமதிப்புக்கு ஈடாக ஒப்பந்தம் கேட்பதையும் நாம் ஏற்கவில்லை. அது அவருடைய ஆட்டத் திறனையே சிறுமைப்படுத்தும்.

வென்ற அணியின் ஒவ்வொரு வீரரும் கோடையில் ஒரு நாள் கோப்பையைத் தம்முடன் வைத்துக்கொள்வது வழக்கம். கத்ரி பிறந்தது கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்திலுள்ள லண்டன் நகரில். லெபனானிலிருந்து வந்த அவருடைய பாட்டனார் குடியேறிய ஊர். 2021 ஜூனில், மாலை உலாவச் சென்ற ஒரு முஸ்லிம் குடும்பத்தின் நால்வர் வாகனம் ஏற்றிக் கொல்லப்பட்டதும் அங்கேதான். அவ்வூர்ப் பிள்ளைகளின் நடுவே அக்கோப்பை வந்திறங்கும்போது, இன்ஷா அல்லாஹ், அவர் எந்த அணியின் ஆளாக இருப்பார் என்பதைப் பற்றி அங்கே எவரும் கவலைப்படப்போவதில்லை.