வால்பாறை போகிறவர்களுக்கு



விடுமுறைக்கு வால்பாறை கிளம்புவதாகப் பலர் சொல்கிறீர்கள். அவசியம் போய் வாருங்கள். அடிவாரத்தில் ஆழியாறு அணை, அடுத்து குரங்கு அருவி, பிறகு 40 கொண்டை ஊசி வளைவுகள், மேலே தேயிலைத் தோட்டங்கள் என்று ஒரு நாளில் பார்த்துத் தீராது. ஒன்பதாவது வளைவில் சற்று நின்றால் நம் மாநில விலங்கான வரையாட்டையும் பார்க்க வாய்ப்புண்டு.

ஆனால் அந்தச் சாலை ஆனைமலை புலிகள் காப்பகத்தின் வழியாகப் போகிறது. அங்கே குரங்குக்கு பிஸ்கட் போடுவது இரக்கமல்ல, கெடுதல். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத சிங்கவால் குரங்கு, பெரும்பாலும் மரத்திலேயே வாழும் பிராணி. புதுத்தோட்டம் பகுதியில் அது ரோட்டில் இறங்கி வண்டிகளில் அடிபட்டதால்தான் மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டினார்கள். நாம் நீட்டும் ஒரு பாக்கெட் அதை மறுபடியும் ரோட்டுக்கு இறக்கிவிடும். வளைவில் திரும்பி வரும் அடுத்த வண்டிக்காரருக்கு பிரேக் பிடிக்க நேரம் இருக்காது.

கண்ணாரப் பாருங்கள், மெதுவாக ஓட்டுங்கள். தீனி மட்டும் வேண்டாம். இதைப் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லிக் கூட்டிப் போங்கள்.