சூத்திரம் பாடம், விசை பாடமில்லை



"விசை சமன் திணிவு தர ஆர்முடுகல்." தரம் 10 பிள்ளையை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். இப்போது இதைக் கேட்டுப் பாருங்கள்: தண்ணீரோடு 10 கிலோகிராம் வாளியைக் கிணற்றிலிருந்து சீரான வேகத்தில் இழுக்கிறோம். கயிற்றின் இழுவை எவ்வளவு? (புவியீர்ப்பு ஆர்முடுகல் 10 என்று எடுப்போம்.)

வகுப்பில் பாதிக்கு மேல் 100 நியூற்றனைவிடக் கூட என்பார்கள். "மேலே வருதே சேர், அப்ப கூடத்தானே இருக்கணும்?"

விடை 100தான். நிறை கீழே 100, கயிறு மேலே 100. விளையுள் விசை பூச்சியம், அதனால் ஆர்முடுகலும் பூச்சியம். வாளி நின்றுவிடாது, இருந்த வேகத்திலேயே வரும். ஒவ்வொரு செக்கனும் அதன் வேகம் செக்கனுக்கு 1 மீற்றரால் கூட வேண்டுமென்றால்தான் 110 நியூற்றன் தேவை. சூத்திரத்திலுள்ள விசை நம் கை கொடுப்பது அல்ல, எல்லா விசைகளையும் கூட்டிக் கழித்து மிஞ்சுவது. பிள்ளைகள் சறுக்குவது இந்த ஓர் இடத்தில்தான்.

இது நம் பிள்ளைகளின் குறையும் அல்ல. தள்ளினால்தான் ஓடும் என்று அரிஸ்டோட்டிலே நினைத்தார். அமெரிக்காவில் ஹேக் என்பவர் 6,000க்கும் மேற்பட்ட மாணவர்களின் பெறுபேறுகளை ஒப்பிட்டு 1998இல் வெளியிட்டார். செய்து பார்த்து, தங்களுக்குள் வாதாடிப் படித்தவர்களின் விளக்கம், விரிவுரை மட்டும் கேட்டவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு முன்னேறியிருந்தது.

அதனால்தான் நாங்கள் இரண்டு பாடவேளை சின்ன வாளியோடும் நியூற்றன் தராசோடும் முற்றத்தில் நிற்கிறோம். "விளையாட்டுக் காட்டுறாங்க, சிலபஸ் முடியல்ல" என்று சில வாப்பாமார் பேசுவது எங்கள் காதுக்கும் வருகிறது. பரீட்சைக் கவலை நியாயமானதே. டியூசனில் இந்த அலகு ஒரே பின்னேரத்தில் முடிந்துவிடுகிறது என்பதும் உண்மை. சாதாரண தரத்தில் அது தப்ப வைக்கும். உயர்தரத்தில் கப்பி, சாய்தளம், உராய்வு மூன்றும் ஒரே கணக்கில் வரும்போது மனப்பாடம் கைவிட்டுவிடும். "எனக்கு பௌதிகவியல் வராது" என்று பிள்ளை பிரிவு மாறுவது அப்போதுதான். விருப்பத்தோடு கலைப்பிரிவுக்குப் போவது வேறு, இது வேறு.

இன்றிரவு வாளிக் கணக்கைப் பிள்ளையிடம் கேளுங்கள். பிழையாகச் சொன்னால் ஏசாமல், ஏன் அப்படி நினைத்தாய் என்று கேளுங்கள். வீட்டில் பழைய கப்பியோ கயிறோ கிடந்தால் எங்களுக்கு அனுப்பி வையுங்கள். அடுத்த வாரம் தேவைப்படும்.