காவற் கப்பல்களும் வராத விமானங்களும்

பத்திரிகைக் காரியாலயத்தில் இரவுப் பணி பார்த்தவர்களுக்கு வராத செய்திக்காக விழித்திருப்பது எத்தகைய களைப்பு என்பது தெரியும். அதே வேலையை நடுக்கடலில், வாரக்கணக்கில் செய்தவர்களைப் பற்றி எழுதுகிறேன்.

இரண்டாம் உலக யுத்தத்தில் ஜேர்மன் நீர்மூழ்கிகளிடமிருந்து சரக்குக் கப்பல்களைக் காக்க அமெரிக்கா அவசரமாகக் கட்டிய துணைக் கப்பல்களில் எட்சல் வகுப்பில் மாத்திரம் 85 இருந்தன. யுத்தம் முடிந்து ஓய்வில் கிடந்த இவற்றில் முப்பதுக்கும் மேற்பட்டவை 1950களில் ராடார் காவற் கப்பல்களாக மாற்றப்பட்டன. டீசல் இயந்திரங்கள் கொண்டவையாதலால் எரிபொருள் நிரப்பாமலேயே நெடுந்தூரம் செல்லக்கூடியவை. இவை தெரிவு செய்யப்பட்டதற்கு முக்கிய காரணம் அதுதான். நடுத்தளம் அலுமினியத்தால் மூடிக் கட்டப்பட்டு ராடார் அறைகள் அமைக்கப்பட்டன. மேலே கனம் கூடிய அந்தச் சிறு கப்பல்கள் வட அத்திலாந்திக்கின் குளிர்கால அலைகளில் எப்படி உருண்டிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1956 முதல் நியூபவுண்ட்லாந்துக்கும் அசோர்ஸ் தீவுகளுக்கும் இடையிலும், 1958 முதல் மிட்வேக்கும் அலூசியன் தீவுகளுக்கும் இடையிலும் இவை காவல் நின்றன. மேலே ராடார் விமானங்கள் பறந்தன. சோவியத் குண்டுவீச்சு விமானங்கள் வந்தால் முதலில் கண்டு அறிவிப்பதே பணி.

அறிவித்த பின் அக்கப்பலுக்கு என்ன நேரும்? இதைத்தான் எவரும் அதிகம் பேசுவதில்லை. விடை 1945 இலேயே ஒக்கினாவாவில் எழுதப்பட்டுவிட்டது. அங்கே ராடார் காவலில் நின்ற நாசகாரிக் கப்பல்கள்மீதே ஜப்பானியத் தற்கொலை விமானங்கள் முதலில் பாய்ந்தன. ஏப்ரல் 16 ஆம் திகதி 'லாஃபி' என்ற ஒரு கப்பலில் மாத்திரம் 32 பேர் மாண்டனர். விமானந்தாங்கிக் கப்பல்கள் நிற்கும் திசையை அம்புக்குறியிட்டுக் காட்டும் பலகையொன்றை மாலுமிகள் வைத்தார்கள் என்றொரு கதையும் உண்டு. கசப்பான நகைச்சுவைதான். முன்னே நிற்பவன் வாங்கிக் கொடுக்கும் சில நிமிடங்களுக்கு அவனே விலை. பழைய கப்பலை இழப்பது இராணுவக் கணக்கில் மலிவாக இருக்கலாம். ஆனால் உள்ளே இருந்தவர்கள் இளைஞர்கள்.

எதிரி வராததால் காவல் வீண் என்று சொல்பவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. திருடன் வரவில்லை என்று காவலாளியைப் பழிப்பவர் உண்டா? எனது கேள்வி வேறு. 1957 ஒக்டோபரில் ஸ்புட்னிக் விண்ணில் ஏறியபோதே, கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையை இந்தக் கப்பல்களால் தடுத்துக் கண்டறிய முடியாது என்பது தெளிவாயிற்று. அப்போது பசுபிக் காவல் வரிசை முழுமையாகத் தொடங்கவே இல்லை! சோவியத்திடம் விமானங்களும் இருந்தன என்பது உண்மையே. ஆயினும் 1965 வரை அதை இழுத்துச் சென்றதற்கு அந்த ஒரு காரணம் போதுமென எனக்குத் தோன்றவில்லை. ஒரு காவலைத் தொடங்க ஒரு கையொப்பம் போதும். நிறுத்துவதற்குத் துணிந்து கையொப்பமிடுபவரைத்தான் காண்பதரிது.

இதனிடையே நியூ ஜேர்சிக் கரைக்கு அப்பால் இதே பணிக்காகக் கடலில் நாட்டப்பட்ட ராடார் கோபுரமொன்று 1961 ஜனவரி 15 இல் புயலில் சரிந்து 28 பேர் இறந்தனர். அவர்களைக் கொன்றது கடல், எதிரியல்ல.

காவல் முடிந்த கப்பல்களில் சில வியட்நாம் கரையோர ரோந்துக்குப் போயின. இரண்டு 1971 இல் தென் வியட்நாமுக்குக் கொடுக்கப்பட்டன. அவற்றில் ஒன்று 1974 ஜனவரியில் பரசெல் தீவுகளருகே சீனக் கடற்படையுடன் மோதியது. 1975 இல் வட வியட்நாமின் கையில் சிக்கி, அந்நாட்டுக் கடற்படையிலேயே சேர்ந்தது.